8 வருடத் திருமணம், 212 நாள் குடித்தனம்

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு, எனக்கு வயது 38. ஊர் கன்னியாகுமரி மாவட்டம், கருங்கல் பக்கம். 2016 மே மாதம் திருமணம். முப்பத்திரண்டாம் நாள் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினேன். அதன்பிறகு 2018, 2021, 2023 என மூன்று முறை இரண்டு மாத விடுமுறையில் வந்தேன். 2020-ல் கொரோனாவால் வர முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து பத்து மாதமாகிறது. மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை போட்டிருக்கிறேன். மனைவி களியக்காவிளை பக்கத்துப் பெண், தனியார் பள்ளி ஆசிரியை. ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

வந்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. தொட்டதற்கெல்லாம் சண்டை, இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் பேச்சே கிடையாது. போன மாதம் ஒரு முறை கை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. (எனக்கும் தூக்கம் சரியில்லை, மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, கடைக் கடன் கவலைதான்.) கவுன்சிலிங் போகலாம் என்றால் “எனக்கு என்ன பைத்தியமா?” என்கிறாள். அவளுக்கு ஏற்ற நல்ல டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? நாகர்கோவிலில் பார்த்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், திருவனந்தபுரம் போகலாமா? பங்குத்தந்தை, தாமே பேசிப் பார்ப்பதாகச் சொல்கிறார். அது போதுமா?

இன்னொன்று. என் தங்கைக்கு வருகிற ஜனவரியில் திருமணம். மாப்பிள்ளைக்குத் தோஹாவில் வேலை. எங்கள் நிலை அவளுக்கு வரக்கூடாது. எங்கள் பங்குக் கோவிலில் நடக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்பு போதுமா, தனியாகவும் ஆலோசனை வேண்டுமா? போன வாரம் என் மகள் அவள் அம்மாவிடம், “அப்பா எப்போது திரும்பிப் போவார்?” என்று கேட்டாள். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை வாசித்து முடித்ததும் நான் முதலில் போட்டது ஒரு கூட்டல் கணக்கு. திருமணமானதும் 32 நாள். மூன்று விடுமுறை, 60 நாள் வீதம் 180. ஆக 212. எட்டு வருடம் கணவன் மனைவியாக இருந்திருக்கிறீர்கள். நீங்கள் ஊரோடு வரும்வரை ஒரே கூரையின் கீழ் இருந்தது 212 நாள். அந்த நாட்களும் எப்படிப் போயிருக்கும் என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முதல் வாரம் பெட்டி பிரித்துச் சொந்தக்காரர் வீடுகளுக்குச் சோப்பும் சாக்லேட்டும் கொண்டுபோய்க் கொடுப்பதில் போகும். நடுவில் இரண்டு கல்யாணம், ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பு, அப்பாவின் மருத்துவப் பரிசோதனை. கடைசி வாரம் மறுபடியும் பெட்டி. சண்டை போடக்கூட நேரமில்லாத நாட்கள் அவை. கோபம் வந்தாலும் “போகிற நேரத்தில் எதற்கு?” என்று இரண்டு பேருமே விழுங்கியிருப்பீர்கள்.

எனவே, தம்பி, உங்களுடையது எட்டு வருடம் ஓடிப் பழுதான திருமணம் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் இருவரும் இப்போதுதான் குடித்தனம் தொடங்கியிருக்கிறீர்கள். முதல் வருடத்தில் எல்லாத் தம்பதிகளுக்கும் வருகிற சண்டைதான் உங்களுக்கும் வந்திருக்கிறது. ஆனால் அது ஆறு வயதுக் குழந்தையையும் கடைக் கடனையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. உங்களைத் தேற்றுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. யாரைத் தேட வேண்டும் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது. “அவளுக்கு ஏற்ற டாக்டர்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தேடலை விட்டுவிடுங்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, இருவருக்கும் நடுவில் நடப்பதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர்தான் உங்களுக்கு வேண்டும்.

என்னை டாக்டர் என்று அழைத்திருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை, மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், கவுன்சிலர் எல்லோரும் ஒரே பெயரில்தான் அழைக்கப்படுகிறார்கள். பலகையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து தருவார். மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுகலை முடித்து, மருத்துவமனையில் பயிற்சியோடு மேற்படிப்பும் முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் பதிவு அது. பதிவு எண்ணைக் கேட்டு, அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். மனநலச் சமூகப் பணியாளர்கள் குடும்பங்களோடு வேலை செய்வதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். தம்பதிகளைக் கையாள்வதில் பல உளவியலாளர்களைவிடத் தேர்ந்தவர்களை இவர்களுக்குள் பார்த்திருக்கிறேன்.

‘கவுன்சிலர்’ என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். 2021-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று இவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வழி செய்திருக்கிறது. ஆனாலும் இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் பல வருடம் படித்தவரும் ஒரே பலகையை மாட்டிக்கொள்ளும் நிலைதான் இன்றும் இருக்கிறது. ஆகவே பட்டத்தோடு நிறுத்தாமல் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: “தம்பதிகளோடு வேலை செய்வதற்கு யாரிடம், எவ்வளவு காலம் பயிற்சி எடுத்தீர்கள்?” தனி ஒருவரின் மனச்சோர்வையும் பயத்தையும் அருமையாகக் கையாளுகிறவர்கூட, எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவரையொருவர் குற்றம் சொல்லத் தொடங்கினால் திணறிப்போகலாம். இது தனித் திறமை. இந்தக் கேள்விக்குக் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். நல்ல பயிற்சி பெற்றவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

நேரம் வாங்குவதற்குப் போன் செய்யும்போதே இன்னும் சிலவற்றைக் கேட்டுவிடலாம். கட்டணம் எவ்வளவு, ஓர் அமர்வு எவ்வளவு நேரம் என்பவை சாதாரணக் கேள்விகள், தயங்க வேண்டாம். தயங்கித் தயங்கி யாரும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு: “எங்களில் ஒருவர் உங்களிடம் தனியாக ஒன்றைச் சொன்னால், அதை மற்றவரிடம் சொல்வீர்களா?” இதற்கு அவரிடம் முன்பே யோசித்து வைத்த ஒரு விதி இருக்க வேண்டும். சிலர் எந்த ரகசியத்தையும் வைத்துக்கொள்ளமாட்டோம் என்பார்கள். சிலர் தனி அமர்வில் பேசியது அங்கேயே நிற்கும் என்பார்கள். இரண்டுமே சரிதான். விதியே இல்லாதவரிடம்தான் ஆபத்து. நீங்கள் சொன்னது மாமியாரின் காதுக்குப் போய், அங்கிருந்து சுற்றி உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும்.

சில அடையாளங்களைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் நாளே யார்மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்கிறவர். பத்து நாளில் சரியாக்கிவிடுவேன் என்கிறவர். பெண்ணைப் பார்த்து “நீதான் அனுசரித்துப் போக வேண்டும்” என்று முடித்துவிடுகிறவர். மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் அறை எடுத்துத் தம்பதிகளுக்கு லேகியம் விற்கிறவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை. அங்கே பணத்தையும் மானத்தையும் தொலைத்துவிட்டு, அதன்பிறகு எங்களிடம் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அந்த அறைக்குள் என்னதான் நடக்கும் என்று உங்கள் மனைவிக்குத் தெரியாததால்தான் பயம் பெரிதாக இருக்கிறது. ஆகவே ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். உங்களைப் போலவே பத்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர் அவர். மனைவி பேசும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருப்பார். மூன்றாவது அமர்வில் அந்தப் பெண்ணிடம், ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன். அவர் வெகுநேரம் யோசித்துச் சொன்னார்: “நீங்கள் வந்த பிறகு இந்த வீட்டில் நான் விருந்தாளி ஆகிவிட்டேன்.”

கணவரிடம், அவர் சொன்னதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். “நான் வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்கிறாள்,” என்றார். மனைவி இல்லை என்று தலையசைத்தார். மறுபடியும் முயன்றார்: “வேலை அதிகமாகிவிட்டது என்கிறாள்.” அதற்கும் இல்லை. மூன்றாவது முறை கடிகாரத்தை விட்டுவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். “கேஸ் புக் செய்வது, மோட்டார் ரிப்பேர், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, எல்லாம் நீதான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வந்து கணக்கு நோட்டை உன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.” அந்த அம்மா பதில் எதுவும் சொல்லவில்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அன்று 50 நிமிடத்தில் நடந்தது அவ்வளவுதான். அதற்கு நான் யாருக்கும் புத்தி சொல்லவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஆலோசனை என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது பஞ்சாயத்து. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவது, வழக்குப் போட்டபின் குடும்ப நல நீதிமன்றத்தில் நடக்கும் சமரசப் பேச்சு, மாமாவும் சித்தப்பாவும் திண்ணையில் கூடுவது ஆகியவற்றுக்கெல்லாம் அவற்றுக்குரிய இடம் இருக்கிறது. அங்கே ஒரு முடிவு எட்டப்படும். தம்பதி ஆலோசனை அப்படி முடிவு சொல்லும் இடம் கிடையாது. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் அவர் சொன்னபடியே விழுகிறதா என்று பார்க்கும் இடம் அது. ஓரிரு சந்திப்பில் முடியாது. பத்துப் பதினைந்து அமர்வு வரை ஆகலாம் என்று மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இனி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியதற்கு வருகிறேன். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, கடன் நினைப்பு. கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரிகளில் அது ஒன்று. விடியலுக்கு வெகுநேரம் முன்பே விழித்துக்கொண்டு மறுபடியும் தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வு நோயின் முக்கியமான அறிகுறி. அதோடு எரிச்சல், பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை போன்றவையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆண்களுக்கு இந்த நோய் அழுகையாக வராமல் கோபமாக வெளிப்படுவது சகஜம். ஆகவே மனைவிக்கு டாக்டர் தேடும் முன், நீங்கள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் செலவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் முறைவைத்து மனநல மருத்துவர் செல்வது உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை என்று ஆசாரிப்பள்ளத்தில் கேட்டால் தெரியும். கூட்டம் மிகுந்த இடம் என்பதால் தம்பதி ஆலோசனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் உங்கள் தூக்கத்தையும் மனச்சோர்வையும் பார்க்க அது தக்க இடம். நடுராத்திரியில் மனம் தாங்கவில்லையென்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

குடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதை மறைத்துவிட்டு நடத்தும் தம்பதி ஆலோசனையில் பலன் இருக்காது.

கை ஓங்கியதைப் பற்றி. எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதினீர்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் “அடிக்கவில்லை” என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றுகொள்ளாதீர்கள், தம்பி. ஓங்கிய கையை உங்கள் மனைவி பார்த்திருக்கிறார். அடுத்த சண்டையில் அந்தக் கை எங்கே இருக்கிறது என்றுதான் அவர் கண் தேடும். பயம் இருக்கும் இடத்தில் மனம்விட்டுப் பேச முடியாது. அதனால்தான் பொறுப்புள்ள ஆலோசகர் தொடக்கத்தில் இருவரையும் தனித்தனியாகப் பார்ப்பார், “வீட்டில் உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?” என்று உங்கள் மனைவியிடம் கேட்பார். ஆம் என்று அவர் சொன்னால் கூட்டு அமர்வைத் தள்ளிவைத்துவிட்டு, அவருடைய பாதுகாப்பையும் உங்கள் கோபத்தையும் முதலில் கவனிப்பார். அதை உங்களுக்கு எதிரான செயலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிக் கேட்காமல் முதல் நாளே இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துவிடுகிறவரைவிட இவர் நல்லவர். இதே நிலையில் இருந்து இதை வாசிக்கும் பெண்களுக்கும் சொல்கிறேன்: அடியோ மிரட்டலோ இருந்தால் 181 பெண்கள் உதவி எண். 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் காயத்தை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. சொல்லாலும் பணத்தாலும் செய்யும் கொடுமையும் அதில் அடங்கும்.

ஆலோசகர் கிடைக்கும்வரை ஒன்றைச் செய்யுங்கள். சண்டையில் நெஞ்சு படபடக்கத் தொடங்கியதும், “எனக்குக் கோபம் ஏறுகிறது, அரை மணி நேரம் கழித்து வந்து பேசுகிறேன்,” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் உட்காரவைத்து, அவர்கள் வாக்குவாதம் செய்யும்போது இதயத்துடிப்பு எப்படி ஏறுகிறது என்று பல வருடம் கவனித்தவர். உடல் தணிவதற்குக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு. ஆனால் திரும்பி வந்து பேசியாக வேண்டும். பதிலே பேசாமல் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடுவதை அவர் உறவைக் கரைக்கும் நான்கு பழக்கங்களில் ஒன்றாகச் சேர்க்கிறார். மௌனமாக இருப்பவருக்கு அது பொறுமை மாதிரித் தெரியும். எதிரில் இருப்பவருக்கு மூடிய கதவு.

பங்குத்தந்தை பேசுவதைத் தவிர்க்க வேண்டாம். நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களை நடுத்தெருவுக்கு வராமல் காத்தவர்கள் குருக்களும் அருட்சகோதரிகளும். அவர்களில் உளவியலும் சமூகப்பணியும் முறையாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் என்றால் மேலே நான் சொன்ன கேள்விகளை அவரிடமும் மரியாதையோடு கேட்கலாம். எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. உங்கள் பங்குத்தந்தைக்கு உங்கள் அப்பாவைத் தெரியும், அம்மாவைத் தெரியும், ஞாயிறு தோறும் நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்று தெரியும். வெளியூரிலிருந்து இந்தப் பங்குக்கு மருமகளாக வந்த உங்கள் மனைவி, அவர் முன்னால் மாமியாரைப் பற்றி மனம்திறந்து ஒரு வார்த்தை பேசுவாரா? பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டுமே என்ற எண்ணம் வராதா? ஆசீர்வாதத்துக்கும் ஆறுதலுக்கும் அவரிடம் போங்கள். ஆலோசனைக்கு, இரண்டு குடும்பத்தையும் தெரியாத ஒருவர் நல்லது.

திருவனந்தபுரமா, நாகர்கோவிலா? நம் மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் என்ற பழக்கம் நம் மேற்குப் பகுதியை விட்டுப் போகவில்லை. அங்கே நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் மனைவி கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை பக்கம் என்பதால் மலையாளம் புரியாமல் இருக்காது. ஆனால் இதை யோசியுங்கள்: நீங்கள் இருவரும் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்கள்? அந்த மொழி தெரிந்த ஆளிடம்தான் போக வேண்டும். கடைக்காரரிடம் மலையாளம் பேசுவது எளிது. “என்னை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை” என்று அழுகையை அடக்கிக்கொண்டு சொல்லும்போது தாய்மொழிதான் வரும். அதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் அழுகை நின்றுவிடும். தமிழ் நன்றாகத் தெரிந்தவர் அங்கே கிடைத்தால் தாராளமாகப் போங்கள்.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. தங்கையின் கல்யாணம் வேறு இருக்கிறது. சிகிச்சை பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்வதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு. காத்திருக்கும் அறையில் எதிரில் உட்காருகிறவரைச் சட்டம் தடுக்காது என்பதும் உண்மை. கூட்டம் இல்லாத கடைசி நேரத்தைக் கேட்டு வாங்கலாம். வீடியோ வழியாகவும் அமர்வு நடத்துகிறார்கள், சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் தமிழ் ஆலோசகரையும் அப்படிப் பார்க்க முடியும். வீட்டில் அடுத்த அறையில் அம்மா இருக்கிறார் என்றால் வீட்டிலிருந்து பேச வேண்டாம். கடையை அடைத்த பிறகு அங்கேயே இருவரும் உட்கார்ந்து பேசலாம்.

“எனக்கு என்ன பைத்தியமா?” நம் பக்கத்தில் கோபம் வந்தால் “உன்னை ஊளம்பாறைக்குத்தான் அனுப்ப வேண்டும்” என்பார்கள். திருவிதாங்கூர் காலத்திலேயே திருவனந்தபுரத்தில் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. அந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணிடம் “உன்னைக் காட்டலாம்” என்று சொன்னால் அவர் வேறு என்ன பதில் சொல்வார்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “எனக்குத் தூக்கம் இல்லை, கோபத்தை அடக்க முடியவில்லை. அன்றைக்குக் கை ஓங்கியது என் தப்பு. நான் ஒருவரைப் பார்க்கப் போகிறேன். நம் இரண்டு பேரைப் பற்றியும் அவரிடம் பேச வேண்டியிருக்கும். நீயும் வந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.” ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அவர் வரவில்லையென்றாலும் நீங்கள் போங்கள். கணவன் மட்டும் நான்கு வாரம் தனியாக வந்துபோன பிறகு, “அங்கே என்னதான் சொல்கிறார்கள்?” என்று கேட்டு ஐந்தாவது வாரம் கூடவே வந்த மனைவிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆணா பெண்ணா என்று ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

தங்கை விஷயம். கோவிலில் நடக்கும் திருமணத் தயாரிப்பு வகுப்பு நல்லது, விடாமல் போகச் சொல்லுங்கள். திருமணம் என்ற அருட்சாதனம், குடும்ப ஜெபம், உடல்நலம், குழந்தைப்பேறு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லித்தருவார்கள். ஆனால் அது வகுப்பு. அத்தனை ஜோடிகள் நடுவில் எழுந்து நின்று, “கல்யாணமாகி ஒரு மாதத்தில் இவர் தோஹாவுக்குப் போய்விட்டால் நான் யார் வீட்டில் இருப்பது?” என்று உங்கள் தங்கை கேட்கமாட்டாள். அதைக் கேட்பதற்குத்தான் தனி ஆலோசனை. மூன்று முதல் ஐந்து அமர்வு போதும், மாப்பிள்ளை தோஹாவிலிருந்தே வீடியோவில் சேர்ந்துகொள்ளலாம்.

அங்கே என்ன பேச வேண்டும் என்று கேட்டால், நான் முதலில் வைப்பது பணத்தை. சம்பளம் யார் கணக்குக்கு வரும்? அவருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது? வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் மனைவிக்கென்று தனியாக எவ்வளவு? சீதனமாகப் போடும் பவுன் யார் பெயரில் எந்த லாக்கரில் இருக்கும்? வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். நம் மாவட்டத்தில் நடப்பதும் தெரியும். அவளுக்குக் கொடுத்த பவுன் அவளைக் கேட்காமல் அடகுக்குப் போவதுதான் எத்தனையோ வீடுகளில் முதல் விரிசல். அடுத்து, அவள் வேலைக்குப் போவதா என்பது. குழந்தை எப்போது என்பது. எத்தனை வருடம் வெளிநாடு, எந்த வருடம் திரும்புவது என்பது. கடைசியாகச் சொன்னதற்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டாலும், கேள்வியாவது இருவர் மனதிலும் விழட்டும். உங்களிடம் 2016-ல் அதை யாரும் கேட்கவில்லை, இல்லையா?

உடலுறவு பற்றிய பயமும் அறியாமையும் பேசப்பட வேண்டும். அண்ணனான நீங்கள் அதைப் பேச முடியாது, பேசவும் வேண்டாம். ஒரு பெண் ஆலோசகரோ மகப்பேறு மருத்துவரோ அரை மணி நேரத்தில் தெளிவாக்கிவிடக்கூடியதை, கூச்சத்தால் கேட்காமல் ஒரு வருடம் இருவரும் அழுதுகொண்டிருந்துவிட்டு வருவார்கள். விடுமுறைக் கல்யாணத்தில் அந்த ஒரு வருடம்கூடக் கிடையாது, 30 நாள்தான். முதல் இரவிலேயே எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற பதற்றமும் அதனால்தான் கூடுகிறது.

அமர்வுகளைக் கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன்பே, முடிந்தால் மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். பத்திரிகை அடித்து ஊர் முழுக்கக் கொடுத்த பிறகு உட்கார்ந்தால், மனதில் உள்ளதைச் சொல்லும் துணிவு இருவருக்குமே போய்விடும். ஆலோசகரிடம் இன்னொன்றையும் முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். அமர்வில் பேசுவது இரு வீட்டாருக்கும் போகாது, உங்களுக்கும் போகாது. “என்ன சொன்னார்கள்?” என்று தங்கையிடம் கேட்கமாட்டேன் என்று நீங்கள் அவளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார், “எங்கள் பையனுக்கு என்ன குறை?” என்று கேட்டால், வெளிநாட்டுக் குடித்தனத்தைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் கேட்கிறேன் என்று உங்கள் கதையைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் எடுபடும்.

மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்களை அவள் முதலில் பார்த்தபோது அவளுக்கு இரண்டு வயது இருந்திருக்கும். வந்தால் திரும்பிப் போகிறவர்தான் அப்பா என்பது அவள் கற்றுக்கொண்ட பாடம். உங்களைப் போகச் சொல்லி அவள் அதைக் கேட்கவில்லை. இந்த முறை எத்தனை நாள் என்று தெரிந்தால்தானே எவ்வளவு ஒட்டிக்கொள்ளலாம் என்று அவளால் முடிவுசெய்ய முடியும்? “இனிமேல் போகமாட்டேன்” என்று வாயால் சொல்வதைவிட, நாள் சொல்லி ஒன்றைச் செய்யுங்கள். “திங்கட்கிழமை உன்னை நான் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுகிறேன்,” என்று சொல்லுங்கள். கடையை எட்டரைக்குத் திறக்க வேண்டியிருந்தால் அன்று ஒன்பதரைக்குத் திறக்கலாம். ஆனால் மகளிடம் சொல்லும் முன், இத்தனை வருடம் அவளைக் கொண்டுவிட்டுக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேளுங்கள்: “திங்கட்கிழமை நான் கூட்டிப்போகட்டுமா? டிபன் பாக்ஸில் என்ன வைக்க வேண்டும், எந்த வாசலில் இறக்கிவிட வேண்டும், நீ சொல்.”